பந்தை எடுத்த கை

தெலுக் பங்லிமா காராங்
12-8-1984

அன்புள்ள தெய்வானைக்கு,

புஷ்பா எழுதுகிறேன். இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. கடைவீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை, பகல் முழுக்க ஒரே சத்தம். பள்ளி நடக்கிற தூரம்தான். நான்காம் படிவத்துக்கும் ஐந்தாம் படிவத்துக்கும் கணக்குப் பாடம் கொடுத்திருக்கிறார்கள். கிள்ளானிலிருந்து ஏன் இங்கே மாற்றினார்கள் என்று ஆசிரியர் அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே எல்லோருக்கும் தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

பந்திங் பஸ்ஸில் ஏறினால் கிள்ளானுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நேரிலேயே வந்திருக்கலாம். வந்தால் நீ டீ போடுவாய், உன் வீட்டுச் சீடையை எடுத்து வைப்பாய், நானும் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

நிகழ்தகவுப் பாடத்தை ஆரம்பித்த அன்று பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. காசைச் சுண்டிக் காட்டினேன், பகடையை உருட்டிக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் நாம் சேர்ந்து குடியிருந்த வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு நீதான் சொன்னாய்: "இதுங்க வீட்லலாம் வாரா வாரம் நாலு நம்பர் எடுக்கறாங்க. அதையே கணக்காப் போட்டுக் காட்டேன், புஷ்பா." எனக்கு அது தோன்றவே இல்லை. ரோட்டில் லோரி கவிழ்ந்தால் அடிபட்டவனைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு நம்பர் லாட்டரிக்காக நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்கிற ஊர் இது. இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? நீயே உன் பெற்றோர் இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பத்து பிங்பாங் பந்து வாங்கிவந்து, சைபரிலிருந்து ஒன்பது வரை மையால் எழுதிக் கொடுத்தாய்.

பிள்ளைகள் ஆளுக்கொரு நான்கு இலக்க எண்ணைச் சொன்னார்கள். காசும் கிடையாது, பரிசும் கிடையாது. பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுப்பது, எண்ணைப் பலகையில் எழுதுவது, பந்தைத் திரும்பப் பைக்குள் போடுவது. இப்படி நான்கு முறை. நீயும் உன் ஓய்வு வேளையில் வந்து, வகுப்பின் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாய். அந்த வாரம் முழுக்க ஒருவருக்கும் விழவில்லை. "நேத்து ஏழு வந்திருச்சு டீச்சர், இன்னைக்கு வராது" என்றான் ஒருவன். பந்துக்கு நேற்று தெரியாது என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது. வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பத்தைப் பத்தால் பெருக்கிப் பெருக்கித் தானாகவே பத்தாயிரத்தில் ஒன்று என்று கண்டுபிடித்தாள். பிறகு எழுந்து, "அப்ப எங்கப்பா கனவுல நம்பர் கண்டாலும் காணாட்டியும் எல்லாம் ஒண்ணுதானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆசிரியையாக வந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை.

இதை அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த வாரம் அவள் அம்மா நல்லம்மாள் நம்பர் எடுக்கக் காசு தரவில்லை. மறுநாளே அவள் அப்பா கன்னையா பள்ளிக்கு வந்து, டீச்சர் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சூதாட்டம் பழக்குகிறார் என்று புகார் கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணையில் கல்வி இலாகா அதிகாரி என்னிடம் கேட்டார்: "இதில் வேறு ஆசிரியர் யாராவது உண்டா?" யாரும் இல்லை, எல்லாம் நான் மட்டும்தான் என்று சொன்னேன். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. ஒருத்தி பேர் கெட்டால் போதும் என்று நினைத்தேன். நான் வெளியே வந்தேன், நீ உள்ளே போனாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் பெட்டி கட்டும் வரைக்கும் நாம் வீட்டில் பேசியதெல்லாம் கேஸ் சிலிண்டர் தீர்ந்ததையும் தண்ணீர் வராததையும் பற்றித்தான்.

உள்ளே உன்னிடம் என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது. வீரம்மா எப்படி இருக்கிறாள் என்றும் எழுது.

அன்புடன்,
புஷ்பா


பிரிக்ஃபீல்ட்ஸ்
26-8-1984

அன்புத் தோழி புஷ்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளியில் தவணைச் சோதனைத் தாள்கள், சனி ஞாயிறு இங்கே வந்தால் வீடு நிறைய ஆள்கள். உட்கார்ந்து நாலு வரி எழுத இடமில்லை.

நல்ல செய்தி ஒன்று. பினாங்கு வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் மாணிக்கம். கணக்காய்வாளர். அதிகம் பேசுவதில்லை. அப்பச்சிக்கு ரொம்பத் திருப்தி. "சோலையப்பன் வீட்டில் இந்த வருஷம் கல்யாணம்" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தானே சொல்லிக்கொள்கிறார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

உள்ளே என்ன கேட்டார்கள் என்று கேட்டிருந்தாய். வழக்கமாகக் கேட்பதைத்தான். எத்தனை வருஷம் சர்வீஸ், என்ன பாடம், உன்னை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று. நீ சொன்னதையேதான் நானும் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் விஷயம் சீக்கிரம் முடிந்தது. இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போயிருக்கும், உனக்கு இதைவிடத் தூரமான இடம்கூடக் கொடுத்திருப்பார்கள். அந்த வகையில் நமக்கு நல்லதுதான்.

வீரம்மா இப்போது வருவதில்லை. அப்பா நிறுத்திவிட்டாராம். அந்த மாதிரிக் குடும்பங்களில் நடப்பது உனக்குத் தெரியாததா?

உன் அரிசி டின்னும் இரண்டு சட்டியும் இங்கேயே கிடக்கின்றன. யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தெய்வானை


தெலுக் பங்லிமா காராங்
17-9-1984

தெய்வானை,

வீரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் கிள்ளானில் அவள் வீட்டுக்குப் போனேன். கன்னையா வேலைக்குப் போயிருந்தார். நல்லம்மாள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சுங்கை வேயில இருக்கா டீச்சர். பெக்டரி வேலை. அங்கயே தங்கிக்கிறா" என்று முகவரியைச் சொன்னாள். அன்று சனிக்கிழமை. அப்படியே பஸ் மாறிப் போனேன்.

கம்பெனி வாடகைக்கு எடுத்த தெரு வீடு. கூடத்தில் வரிசையாகப் பாய்கள். வீரம்மா நீலச் சீருடையில், தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரேடியோவுக்கு உள்ளே வைக்கிற சின்னச் சின்ன சாமான்களை ஒட்டவைக்கிற வேலையாம். கண் சிவந்திருந்தது. அழுதாயா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், நாள் பூரா பூதக்கண்ணாடியிலயே பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றாள்.

ஏன் பள்ளியை விட்டாய் என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"அந்த அதிகாரி, பந்தை யாரெல்லாம் எடுத்தாங்கன்னு கேட்டாரு டீச்சர். நீங்களும் எடுத்தீங்க, தெய்வானை டீச்சரும் எடுத்தாங்கன்னு சொன்னேன். மத்தவங்களைக் கேட்டாரு, எல்லாரும் இல்லன்னுட்டாங்க. அடுத்த வருஷம் தெய்வானை டீச்சர்தானே எங்களுக்குக் கிளாஸ் டீச்சர், அந்தப் பயம். அப்புறம் அவங்களை மறுபடியும் கூப்பிட்டு எம்முன்னாடியே கேட்டாரு. அந்த வகுப்புக்குள்ள நான் காலே வெச்சதில்லைன்னாங்க. ஒரு தடவை இவளைத் திட்டினேன், அந்தக் கோவத்துல சொல்றான்னாங்க."

அவளே மேலே சொன்னாள்.

"நீங்க மாத்தலாகிப் போனதுக்கு அப்புறம், திங்கக்கிழமை அசெம்ப்ளியில மைக் முன்னாடி நிக்க வெச்சாங்க. டீச்சரைப் பத்திப் பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்னு மலாயில எழுதிக் கொடுத்தாங்க. படிச்சேன். தெய்வானை டீச்சர் மேடையில உக்காந்திருந்தாங்க. தலையாட்டினாங்க. வீட்டுக்குப் போனா அப்பா, பொய் சொல்ற புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு பையைத் தூக்கிப் போட்டுட்டாரு."

இதைச் சொல்லி முடிக்கும்போது வாசலில் பெக்டரி பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

நீ எழுதியது இப்போது புரிகிறது. ‘நீ சொன்னதையேதான் நானும் சொன்னேன்.’ எவ்வளவு பக்குவமாக எழுதியிருக்கிறாய். உன்னை மறைத்தது நான். நீ மறைந்துகொண்டதோடு நின்றிருந்தால் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். என்னை எந்தக் காட்டுக்கு மாற்றியிருந்தாலும் போயிருப்பேன். பதினாறு வயதுப் பெண் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். அவளைத் திட்டினேன் என்று ஒரு கதையும் கட்டினாயே, அது உனக்கு எப்படி உடனே வந்தது? நாம் மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். உனக்கு அப்படியெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

தலையாட்டினாயாமே.

புஷ்பா


கிள்ளான்
30-9-1984

புஷ்பா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். நாலாவது தடவை எனக்கும் கோபம் வந்தது. அதனால் நலம் விசாரிக்காமல் எழுதுகிறேன்.

என் அக்கா நாச்சாளை உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உனக்குக் காப்பி கலந்து கொடுப்பாளே. அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் பெரியப்பா பெரியகருப்பன் சீட்டாட்டத்தில் மஸ்ஜித் இந்தியா தெருவில் இருந்த கடையை விட்டுவிட்டார். அக்காவுக்குப் பரிசம் போடுவதாக இருந்த வாரம் அது தெரியவந்தது. சூதாட்டக் குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அவள் இப்போது எல்லோருக்கும் காப்பி கலக்கிறாள். அந்த அறைக்குள் அதிகாரி சூது என்று சொன்னபோது எனக்குப் பள்ளி தெரியவில்லை, நீயும் தெரியவில்லை. அக்காதான் தெரிந்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நினைக்காதே. சின்னப் பிள்ளை, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பள்ளியை விட்டே போகும்படி ஆகும் என்பதற்கு வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டேன். இரண்டு பேர் மாட்டுவதற்கு ஒருத்தியோடு போகட்டும் என்று நீ நினைக்கவில்லையா? நானும் அதையேதான் நினைத்தேன். அசெம்ப்ளியில் தலையாட்டாமல் நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? எழுந்து ஓடவா?

இன்னொன்றும் கேட்கிறேன். நான் உள்ளே போனபோது உன் வாக்குமூலம் மேசைமேல் இருந்தது. வேறு ஆசிரியர் யாரும் இல்லை என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டிருந்தாய். அதிகாரி அதைத்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் ஆமாம், நானும் இருந்தேன் என்றால் நீதான் பொய்க்காரி ஆகியிருப்பாய். இரண்டு டீச்சர்கள் இல்லை என்றால் ஒரு பிள்ளை உண்டு என்று சொன்னது எடுபடுமா? வீரம்மாவைப் பொய்க்காரி ஆக்கியதில் உன் கையெழுத்துதான் முதலில் விழுந்தது, புஷ்பா. எனக்காகப் போட்டது என்று சொல்லாதே. நான் கேட்கவில்லை.

உனக்கு இதெல்லாம் சுலபம். உன்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை, போய்விடும் என்று பயப்பட உன்னிடம் ஒன்றும் இல்லை. பெரிய மனசு காட்டுவது அப்படிப்பட்டவர்களுக்கு எளிது.

தெய்வானை


தெலுக் பங்லிமா காராங்
14-10-1984

தெய்வானை,

கடைசியில் நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. வலிக்கட்டும் என்றுதான் எழுதினாய், வலித்தது.

என் கையெழுத்தைப் பற்றி எழுதியது மட்டும் உண்மை. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீரம்மா அந்த அறைக்குள் வருவாள் என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு சமாதானம்தான். அவளுக்கு நேர்ந்தது அதனால் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அந்த அதிகாரியையே பார்த்தேன். முன்பு நான் சொன்னது பொய், வகுப்பில் இன்னோர் ஆசிரியையும் இருந்தார், அந்த மாணவி சொன்னதுதான் உண்மை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படித்தார். "மாற்றல் கிடைத்த கோபத்தில் எழுதுகிறீர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்" என்றார். முதலில் பொய் சொன்னதற்காக என் சம்பள உயர்வை நிறுத்திவைப்பார்களாம். நிறுத்தட்டும் என்றேன். மாணவி விஷயம் என்ன என்று கேட்டேன். "அந்த டீச்சர் வந்து தன் வாயால் சொன்னால் பார்க்கலாம்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அவருக்கும் உண்மை தெரியும் என்றே எனக்குப் பட்டது.

நீ போய்ச் சொல். நீதான் யோசனை கொடுத்தாய் என்று சொல்ல வேண்டாம், பந்து வாங்கியதைச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் அந்த வகுப்பில் இருந்தேன், அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். பொய்க்காரி என்ற அந்தப் பேரை அழித்தால்தான் கன்னையா அவளைத் திரும்பப் பள்ளிக்கு விடுவார். புதுத் தவணைக்குள் நடந்தால் ஐந்தாம் படிவத்தில் சேர்ந்துகொள்வாள்.

வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டதாக எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம்? பைக்குள் பார்க்காமல் கையை விடும்போதுதான் வாய்ப்பைப் பற்றிப் பேசலாம். நீ பார்த்துத்தான் எடுத்தாய்.

புஷ்பா


பிரிக்ஃபீல்ட்ஸ்
6-1-1985

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். தீபாவளி வந்தது, பிறகு பள்ளி விடுமுறை, வீட்டில் கல்யாண வேலை. உண்மையில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

இத்துடன் பத்திரிகை வைத்திருக்கிறேன். இருபத்தேழாம் தேதி, பிரிக்ஃபீல்ட்ஸில். முகூர்த்தம் காலையில். முதல் நாளே வந்து எங்களோடு தங்கு. நாச்சாள் அக்கா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. போன மாதம் சுங்கை வேக்குப் போனேன், தனியாக, வீட்டில் சொல்லாமல். வீரம்மாவைப் பார்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், புஷ்பா. ஒரு டீச்சர் ஒரு மாணவியிடம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஒரு வாட்ச்சும் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வந்த பிறகு கொஞ்சம் தூக்கம் வந்தது.

கல்வி இலாகாவுக்கும் போவேன். இப்போது வேண்டாம். கல்யாணம் முடிந்து பினாங்குக்குப் போன பிறகு நான் வேலையை விட்டுவிடுவேன், அப்போது ஒரு கடிதம் எழுதிப் போடுகிறேன். இன்னும் சில மாதங்கள்தானே. அந்தப் பெண்ணும் சம்பாதிக்கிறாள், பழகிக்கொண்டாள் போலத்தான் தெரிந்தது.

நீ கட்டாயம் வர வேண்டும். நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். என்னால் என்ன சொல்ல முடியும்?

உன் தோழி,
தெய்வானை


தெலுக் பங்லிமா காராங்
16-1-1985

தெய்வானைக்கு,

பத்திரிகை கிடைத்தது. வாட்ச்சை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். வீரம்மா அதைக் கட்டவில்லை, அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. என்னிடம் கொடுத்து, "இதை அவங்ககிட்டயே சேத்துருங்க டீச்சர்" என்றாள்.

நீ வந்துபோனதை அவள் சொன்னாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்தது நடந்திருச்சு, மனசுல வெச்சுக்காதே, யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே என்றாயாம். மன்னிச்சுக்கோ என்றும் சொன்னாயாம். எதற்காக என்று சொல்லவில்லையாம். ஆயிரம் பேர் முன்னால் அவள் மைக்கில் மன்னிப்புக் கேட்டாள், எதற்கு என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வைத்தார்கள். நீ அடுப்படியில் யாரும் கேட்காத குரலில், காரணத்தை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறாய்.

என் பங்கை நானும் அவளிடம் சொன்னேன். அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை வேயில் அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். விசாரணையில் வேறு யாரும் இல்லை என்று நானும் எழுதிக் கொடுத்திருந்தேன், அது பொய், தெய்வானை டீச்சர் வந்து பந்து எடுத்தார் என்று சொன்னேன். குழாயை மூடினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் பார்த்தது நெசந்தானா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"கிளாஸ்ல அத்தனை பேரும் இல்லன்னாங்க. நீங்களும் இல்லன்னு எழுதிக் கொடுத்ததா அந்த அதிகாரி சொன்னாரு. நான்தான் கனா கினா கண்டுட்டேனோன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது. அப்போதுதான் அழுதாள்.

இத்தனை மாதமாக அந்தப் பெண் தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறாள். பழகிக்கொண்டாள் என்று நீ பார்த்தது அதைத்தான்.

உன் கடிதத்துக்காகச் சில மாதங்கள் காத்திருக்கப் போவதில்லை. கன்னையாவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக்கு அனுப்ப மாட்டேன், அந்தப் பள்ளியில் என் மகள் இனிமேல் நிற்க மாட்டாள் என்றார். வெளியிலிருந்து ஐந்தாம் படிவப் பரீட்சையை, எஸ்.பி.எம்.மை, எழுதட்டும், பாடம் நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். நல்லம்மாள்தான் உள்ளேயிருந்து, "எழுதட்டும்" என்று சொன்னாள். அவர் மறுத்துப் பேசவில்லை.

உன்மேல் எனக்கு இனிக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அது உண்மையாக இருக்காது. நாச்சாள் அக்காவை நினைத்தால் மனம் இளகுகிறது. அடுத்த நிமிஷமே நீ மேடையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிடுகிறது. உனக்கு நல்ல வாழ்க்கை அமையட்டும். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

கல்யாணத்துக்கு வர இயலாது. ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களிடம் உண்மையையே சொல்லலாம். இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வீரம்மாவுக்கு அன்று ஒரு நாள்தான் விடுமுறை, எங்களுக்குப் பாடம் இருக்கிறது.

புஷ்பவல்லி